தகப்பனாரும் குமாரரும் கூடிச் செய்யும் சாகுபடி: ஒரு வருஷத்திற்குரிய சங்க வேலைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலால் பெயர் பெற்றது. அங்கிருந்து ராஜபாளையம் வரையிலுள்ள பூமியில் கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுத் தோட்டங்களில் பருத்தியும் தென்னையும், மலையடிவாரத்தில் மாவும் விளைகின்றன. எந்த மடை முதலில் திறக்கப்படும், எந்த வயலில் உவர் ஏறும், எந்த வாய்க்கால் யார் முறையில் பாயும் என்பன போன்ற விஷயங்கள் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் எழுதப்படாமல், வயதான குடியானவர்களின் ஞாபகத்திலேயே இருந்து வருகின்றன. குமாரர்களோ பள்ளிப் படிப்பு முடிந்ததும் நூற்பாலைக்கோ பட்டணத்திற்கோ சென்றுவிடுகின்றனர். தகப்பனாருக்குப் பின் நிலம் குமாரனுக்கு வந்து சேரும். நிலத்தைப் பற்றிய அறிவு வந்து சேராது. இக்குறையைத் தீர்க்க, தகப்பனாரும் குமாரரும் ஒருங்கே அங்கத்தினராக உள்ள ஒரு சிறு சங்கம் மிகவும் உதவும்.

இது புதிய யோசனையன்று. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் 1902-ம் வருஷம் ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளி அதிகாரி, சிறுவர் சிறுமியரைச் சேர்த்து ஒரு விவசாயச் சங்கம் கண்டார். அவர்கள் தங்கள் வீட்டு நிலத்து மண்ணைப் பரீக்ஷித்தும் நல்ல மக்காச்சோள விதையைத் தனியே விதைத்தும் பார்த்தனர். தென் கரோலினாவில் 1910-ல் ஜெர்ரி மூர் என்னும் சிறுவன் ஒரே ஏக்கரில் 228¾ புஷல், அதாவது ஏறக்குறைய 5,800 கிலோ மக்காச்சோளம் விளைவித்தான். நிபுணர் சொல்லியும் கேளாத பெரியோர், தம் பிள்ளையின் வயலைக் கண்ட பின்னரே புதிய முறையைக் கைக்கொண்டனர் என்பது அச்சங்கங்களின் அனுபவம்.

நம் நாட்டில், அக்காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்திலும் 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி ஜில்லாவிலும் உள்ள மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. ஸ்தாபனத்தார் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் 1920-களில் கிராம சீரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினர். மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பு, முட்டைகளைக் கூட்டாக விற்றல் போன்ற சிறு தொழில்கள் அங்கே பரவின. ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும், தெரிந்தவர் அருகிலிருந்து யோசனை கூற வேண்டும் என்பதே அந்நிலையத்தின் கொள்கை. தகப்பனார் குமாரர் சங்கத்திற்கும் இக்கொள்கையே ஏற்றது.

சங்கத்திற்குப் பத்துக் குடும்பங்கள் போதும். ஒவ்வொரு தகப்பனாரும் தம் குமாரனுக்குப் பத்து சென்ட் நிலத்தை ஒரு வருஷத்திற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். விதையும் எருவும் கடனாகக் கொடுக்கலாம். கடனைக் கணக்கில் எழுத வேண்டும். விளைவின் லாபம் முழுவதும் குமாரனுடையது. வேலையும் தகப்பனாருடையது, லாபமும் தகப்பனாருடையது, குமாரன் கூலியின்றிக் கைகொடுப்பவன் என்றிருந்தால் சங்கம் இரண்டாம் மாதமே கலைந்துபோகும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் மண் மாதிரி எடுக்க வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழத்திற்கு 'வி' வடிவமாகக் குழி வெட்டி, பக்கத்து மண்ணைச் சீவி ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ மண்ணை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. பள்ளி விடுமுறையாகையால் எருக்குழி வெட்டவும் இதுவே சமயம்.

ஆனி, ஆடியில் ஆயக்கட்டின் படம் வரைய வேண்டும். தகப்பனார் வழிகாட்ட, குமாரன் கண்மாய்க் கரை, மடைகள், வாய்க்கால்கள், சர்வே எண்கள் யாவற்றையும் தாளில் குறித்துக்கொள்ளட்டும். நீர்பாய்ச்சியையும் அழைத்துக் கேட்பது நலம். வரத்துக்கால் தூர்ந்த இடங்களை மழைக்கு முன் அனைவரும் கூடிச் சுத்தம் செய்யலாம்; குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தின் பொருள் அப்போது சிறுவர்க்கு விளங்கும்.

ஆவணியில் விதைப் பரீக்ஷை. ஈரத் துணியில் நூறு நெல் விதைகளைச் சுருட்டி வைத்து முளைத்தவற்றை எண்ணுக. எண்பதுக்குக் குறைந்தால் அவ்விதையை விட்டுவிடுவதே உத்தமம். புரட்டாசியில் நாற்றங்கால். ஐப்பசியில் தகப்பனார் தம் வழக்கப்படி நடட்டும். குமாரன் தன் பத்து சென்டில் பதினான்கு நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒன்றாக நட்டுப் பார்க்கட்டும். இம்முறைக்கு ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். முதல் மூன்று வாரம் அவ்வயல் வெறுமையாகத் தோன்றும். அப்போது தகப்பனார் இரக்கப்பட்டு இடைநாற்று நட்டுவிடலாகாது. தூர் கட்டுவதைப் பொறுத்திருந்து இருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பும் நீர்க்காவலும். பூச்சிமருந்தைச் சிறுவர் கையால் தொடவும் கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் குடும்ப வேலையில் பள்ளி நேரம் கழிந்த பின்னும் விடுமுறையிலும் மட்டுமே உதவலாம் என்று 2016-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் கூறுகிறது. சங்க வேலைகளை இதற்கேற்ப வகுத்துக்கொள்க.

தை மாதம் அறுவடை. இரு வயல்களின் நெல்லையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். பத்து சென்டில் கண்ட எடையைப் பத்தால் பெருக்கினால் ஏக்கர் விளைவு தெரியும். மாசியில் ஈரம் காயுமுன் உளுந்து விதைக்கலாம். கிணறுள்ளவர்கள் பருத்தி போடக் கருதினால், ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கும் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திற்குச் சிறுவரை அழைத்துச் சென்று, அங்கு உண்டான எஸ்.வி.பி.ஆர். ரகங்களைக் காட்டி, ரகம் தேர்ந்தெடுக்கும் யோசனை பெறுக.

பங்குனியில் கணக்கு வாசித்தல். ஒவ்வொரு குமாரனும் செலவு, கடன், வரவு, மிச்சம் ஆகியவற்றைச் சபையில் எழுந்து வாசிக்க வேண்டும். நஷ்டப்பட்டவனும் வாசிக்க வேண்டும்; அவன் கணக்கில்தான் மற்றவர்க்குப் பாடம் அதிகம். புதிய முறை தோற்றிருந்தால் அதை ஒப்புக்கொள்ளக் குமாரனும், வென்றிருந்தால் மறுவருஷம் தம் வயலில் கைக்கொள்ளத் தகப்பனாரும் கடமைப்பட்டவர்கள்.

பெண் மக்களைச் சங்கத்திற்குப் புறம்பாக வைத்தல் தகாது. 1989-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமும் 2005-ம் வருஷத்து மத்தியச் சட்டமும் இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் குமாரத்திக்கும் பிறப்புரிமை அளித்திருக்கின்றன. நிலத்தில் பங்குள்ளவளுக்கு நிலத்தின் அறிவிலும் பங்கு வேண்டுமன்றோ?

கிராம நிர்வாக அலுவலர் வருஷத்தில் ஒரு நாள் சங்கத்தாரை அழைத்து, பட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றைப் படிக்கும் விதத்தைச் சிறுவர்க்குக் கற்பித்தால் பிற்காலத்தில் வீண் வியாஜ்யங்கள் பல குறையும். வேளாண்மை அலுவலர் விதைப் பரீக்ஷையின் போதும் அறுவடையின் போதும் வந்து பார்வையிட்டால் போதுமானது. சங்கம் தொடங்கப் பணம் அவசியமில்லை. வேண்டியவை பத்து சென்ட் நிலமும், ஒரு நோட்டுப் புஸ்தகமும், குமாரன் தன் கையால் செய்வதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கும் தகப்பனாருமே. சித்திரை பிறக்குமுன் நிலத்தை அளந்து விடுக.