சுண்டுவிரல் வலியும் க்யூஎம்கே-யும்: கீபோர்டுக்கு நாமே ஃபர்ம்வேர் போடலாமா?

போன வருஷம் என் இடது சுண்டுவிரல்ல வலி ஆரம்பிச்சது. நாள் முழுக்க அந்த விரலை மூலைக்கு நீட்டி கன்ட்ரோல் கீயை அமுக்குறதுதான் காரணம்னு எனக்குப் பட்டது. கீயை இடம் மாத்துற சாஃப்ட்வேர் நிறைய இருக்கு. ஆனா ஆபீஸ் லேப்டாப்ல எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்க. அப்படின்னா மாற்றத்தைக் கீபோர்டுக்குள்ளேயே செஞ்சுட்டா? எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் கூடவே வரும் இல்லையா?

செய்யலாம். ஒவ்வொரு கீபோர்டுக்குள்ளேயும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு. 61 கீ இருக்கிற போர்டுல 61 வயர் தனித்தனியா ஓடுறது இல்லை. 5 வரிசை, 14 பத்தின்னு ஒரு வலை மாதிரி போட்டா 19 பின்னே போதும். சிப் அந்த வலையைத் திரும்பத் திரும்ப சுத்திப் பார்த்து, எந்தச் சந்திப்புல விரல் அமுங்கியிருக்குன்னு கண்டுபிடிக்கும். அந்த இடத்துக்கு என்ன அர்த்தம்னு முடிவு பண்றது ஃபர்ம்வேர். அதைத்தான் நாம மாத்தி எழுதப்போறோம்.

இதுக்கு அதிகம் பேர் பயன்படுத்துறது க்யூஎம்கே. இலவசம், ஓப்பன் சோர்ஸ். இன்ஸ்டால் பண்ணி 'க்யூஎம்கே செட்டப்'னு கட்டளை கொடுத்தா தேவையான எல்லாத்தையும் இறக்கிக்கும். (இதைச் சொந்த லேப்டாப்ல பண்ணுங்க!) உங்க போர்டோட பேர்ல ஒரு கீமேப் ஃபைல் உருவாக்கி, எந்த இடத்துல எந்தக் கீ வேணும்னு எழுதி, கம்பைல் பண்ணி, சிப்புல ஏத்தணும். சி மொழி தெரியணுமான்னு கேட்பீங்க. காற்புள்ளியை ஒழுங்கா வைக்கத் தெரிஞ்சா ஆரம்பத்துக்கு அது போதும். வெறும் கீ மாற்றம் மட்டும்தான் வேணும்னா, வயா சப்போர்ட் பண்ற போர்டுல கம்பைலே தேவையில்லை, மவுஸ்லயே மாத்திக்கலாம்.

பழைய போர்டுகள்ல இருக்கிற ஏடிமெகா32யு4 சிப்புல மொத்த இடமே 32 கேபி. அதுலயும் 4 கேபி பூட்லோடருக்குப் போயிடும். கலர் கலரா லைட் எஃபெக்ட் சேர்த்தா இடம் பத்தாது. ஆர்பி2040 சிப் இருந்தா நிம்மதி. பூட் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு சொருகினா பென்டிரைவ் மாதிரி தெரியும், யுஎஃப்2 ஃபைலை இழுத்துப் போட்டா முடிஞ்சது.

இப்ப நான் பண்ண கூத்து. புது ஃபர்ம்வேர் ஏத்தணும்னா கீபோர்டு முதல்ல பூட்லோடருக்குள்ள போகணும். அதுக்கான கீயை நான் மூணாவது லேயர்ல வெச்சிருந்தேன். சரி. ஆனா அடுத்த தடவை எழுதும்போது அந்த லேயருக்குப் போற கீயையே அழிச்சுட்டேன். வீட்டைப் பூட்டி சாவியை உள்ளேயே வெச்ச கதை. கடைசில எட்டு ஸ்க்ரூவைக் கழட்டி, போர்டோட பின்பக்கம் இருந்த ரெண்டு ரீசெட் புள்ளிகளையும் ட்வீசரால தொட வெச்சுத்தான் உயிர் வந்தது. அதனால ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, ரீசெட் பட்டன் எங்க இருக்குன்னு பார்த்து வெச்சுக்கோங்க. பூட்மேஜிக் ஆன் பண்ணியிருந்தா பெரும்பாலும் எஸ்கேப்பைப் பிடிச்சுக்கிட்டு சொருகினாலே போதும். ரெண்டு, கம்பெனி கொடுத்த அசல் ஃபர்ம்வேரை முதல்லயே டவுன்லோட் பண்ணி வைங்க. போர்டோட சரியான மாடலையும் பாருங்க. ஒரே பேர்ல சோல்டர் மாடல், ஹாட்ஸ்வாப் மாடல்னு ரெண்டு வரும், ரெண்டோட வலையும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை.

சரி, சுண்டுவிரலுக்கு வருவோம். எஃப் கீயைத் தட்டினா எஃப், பிடிச்சிருந்தா கன்ட்ரோல்னு எழுதினேன். ஆள்காட்டி விரலே வேலையை முடிச்சிடும். அருமைன்னு நினைச்சா, தட்டலுக்கும் பிடித்தலுக்கும் எல்லைக்கோடு எது? க்யூஎம்கே-ல வழக்கமா 200 மில்லிசெகண்ட். எஃப் மேல விரல் கொஞ்சம் தங்கி, அடுத்து டபிள்யூ அடிச்சா அது கன்ட்ரோல் டபிள்யூ. பிரவுசர் டேப் மூடிடும்! பாதி எழுதின ஒரு ஃபார்ம் அப்படியே போச்சு. 300 ஆக்கினா டேப் பிழைக்குது, ஆனா அவசரமா காப்பி பண்ணப் போனா 'எஃப்சி'ன்னு ரெண்டு எழுத்து விழுது. 'பெர்மிசிவ் ஹோல்டு'னு ஒரு வசதி இருக்கு. முதல் கீ கீழ இருக்கும்போதே இன்னொரு கீயை அமுக்கி விட்டுட்டா, நேரம் ஆகலைன்னாலும் அதைப் பிடித்தல்னு எடுத்துக்கும். அதையும் 250-ஐயும் சேர்த்து வெச்சதும் எனக்கு ஒத்து வந்தது. ரெண்டு வாரம் ஆச்சு. உங்க விரலுக்கு வேற எண் வரலாம்.

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க, கீபோர்டுலேருந்து நேரா தமிழ்99 வர வைக்கலாமான்னு. கீபோர்டு அனுப்புறது எழுத்து இல்லை, கீயோட எண். 'அ'வுக்கு அந்தப் பட்டியல்ல எண்ணே கிடையாது. தமிழ்99-ல 'க' வர்றது எச் கீயில. கீபோர்டு எச்-சோட எண்ணைத்தான் அனுப்பும், 'க'வா மாத்துறது விண்டோஸோட வேலை. க்யூஎம்கே-ல யூனிகோட் வசதி இருக்கு, ஆனா லினக்ஸ்ல ஒரு மாதிரி, விண்டோஸ்ல ஒரு மாதிரி, பெரிய தலைவலி. நான் செஞ்சது சின்னது: ஸ்பேஸ்பாருக்கு வலது பக்கக் கீயை ஒரு தட்டு தட்டினா விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்ந்து போகும், தமிழ்99 வந்துடும். மேல 'த'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்.