தரையை விட்டது, மேலே ஏறவில்லை

நான்கு பேர் உட்காரும் ஒற்றை என்ஜின் விமானத்துக்கு 5,000 அடி ஓடுபாதை தாராளம். கடலோர ஊரில் என்றால் அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் 2012 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைக்காட்டுக்குள் இருக்கும் புரூஸ் மெடோஸ் ஓடுதளத்தில் அந்த நீளம் போதவில்லை.

ஸ்டின்சன் 108-3 ரக விமானம் ஒன்று நான்கு பேருடன் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகச் சக்கரங்கள் தரையை விட்டன. அதன் பிறகும் உயரம் கூடவில்லை. மர உச்சிகளை ஒட்டியே தத்தளித்துப் பறந்து, கடைசியில் காட்டுக்குள் விழுந்தது. விமானிக்குப் பலத்த காயம். ஆனால் நால்வருமே உயிர் பிழைத்தார்கள். உள்ளே இருந்த கேமராவில் அத்தனையும் பதிவாகியிருந்தது. உலகெங்கும் சிறு விமானம் ஓட்டுபவர்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

என்ஜின் பழுதா? அப்படி எதுவும் இல்லை. குறை காற்றில் இருந்தது.

அந்த ஓடுதளம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 6,370 அடியில் இருக்கிறது. அந்த உயரத்தில் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் என்பது விமானக் கணக்குகளின் அடிப்படை. அன்றோ சுமார் 27 டிகிரி. சூடேறிய காற்று விரிந்து மெலிகிறது. ஒவ்வொரு டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் விமானம் இன்னும் 120 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். கூட்டிப் பார்த்தால் 9,000 அடியைத் தாண்டிவிடுகிறது! காற்று மெலிந்தால் என்ஜினுக்கு மூச்சு குறையும், விசிறியின் இழுப்பு குறையும், இறக்கையின் தூக்குவிசையும் குறையும். 165 குதிரைத்திறன் என்ஜினில் கிட்டத்தட்ட கால் பங்கு காணாமல் போயிருக்கும். போதாக்குறைக்கு, ஏற்றக்கூடிய உச்ச எடையை நெருங்கிய பாரம். பின்பக்கமிருந்து வீசிய காற்று வேறு.

இவ்வளவு குறைவு இருந்தும் அது தரையை விட்டது எப்படி? இங்கேதான் சூது. தரைக்கு மிக அருகில், இறக்கையின் முழு அகலத்தைவிடக் குறைந்த உயரத்தில் பறக்கும்போது, காற்றின் இழுவிசை குறைகிறது. அதனால் போதிய வேகம் வராமலேயே விமானம் மிதந்துவிடும். கிளம்பிவிட்டோம் என்று விமானிக்குத் தோன்றும். சற்றே மேலே போனதும் அந்தச் சலுகை பறிபோகும். முன்னால் மரங்கள், கீழே ஓடுபாதை முடிந்துவிட்டது.

வெயிலேறும் முன்பே புறப்பட்டுவிடுவது மலைப்பகுதி விமானிகளின் பழைய வழக்கம். 10,000 அடிக்கு மேல் இருக்கும் நம் லடாக்கின் லே விமான நிலையத்தில் பெரிய ஜெட் விமானங்களே பெரும்பாலும் காலையில்தான் வந்து போகின்றன. பிற்பகல் வெப்பமும் மலைக்காற்றும் அங்கே அவ்வளவு தொல்லை.

சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஓடுபாதையின் பாதியில், மேலெழத் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் என்ஜினைத் தணித்துப் பிரேக்கை மிதித்துவிட வேண்டியதுதான். நிற்பதற்கு மீதிப் பாதி இருக்கிறது. அதற்குப் பிறகு பாரத்தை இறக்கலாம், பயணிகளை இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம், அல்லது கூடாரம் அடித்துப் படுத்துவிட்டு மறுநாள் விடியற்காலைக் குளிரில் கிளம்பலாம்.