நிறுத்தும் பொத்தான் யார் கைக்கு எட்டுகிறது?

ஆலை விபத்துச் செய்திகளில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற சொல் எளிதில் இடம்பெற்றுவிடுகிறது. இயந்திரத்தை நிறுத்தும் வழி அவர் கைக்கு எட்டியதா என்று கேட்போர் குறைவு. அவசரப் பிரேக்கின் வரலாற்றை அறிந்தால் இக்கேள்வியை நாம் தவிர்க்க மாட்டோம்.

1889 ஜூன் 12 அன்று, அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற ரயில் ஏற்றத்தில் ஏற இயலாமல் நின்றது. ஊழியர்கள் அதை இரண்டாகப் பிரித்தனர். அந்த ரயிலின் வெற்றிடப் பிரேக் எஞ்சினோடு இணைந்திருக்கும்வரை மட்டுமே பிடிக்கும். கழற்றப்பட்ட பின்பெட்டிகளைக் கைப்பிரேக்கால் தாங்க முடியவில்லை. சரிவில் உருண்ட அவை பின்னால் வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தனர். பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன.

இணைப்பு அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிரேக்கை அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே உருவாக்கியிருந்தார். அதில் குழாயின் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்துள்ள காற்று பிரேக்கை அழுத்தும். நம் ரயில்களில் அபாயச் சங்கிலியை இழுத்தால் நிகழ்வதும் இதுவே: குழாயிலிருந்து காற்று வெளியேறுகிறது. தீர்வு கண்ணெதிரே இருந்தும் கம்பெனிகள் பல தயங்கின. அர்மாவின் சாவுகளுக்குப் பிறகே, அதே ஆண்டில், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கிப் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

ஆலை இயந்திரத்தில் மஞ்சள் பின்னணியில் உள்ள சிவப்புப் பொத்தானும் இதே தத்துவத்தில் அமைந்தது. மின்னோட்டம் தொடர்ந்து பாயும்வரைதான் இயந்திரம் ஓடும்; பொத்தானை அழுத்தினாலும், கம்பியே அறுந்தாலும் நின்றுவிடும். பொத்தானை விடுவித்த மாத்திரத்தில் இயந்திரம் மீண்டும் ஓடவும் கூடாது. ஓடும் இயந்திரத்தின் மின்சாரத்தை அவசரத்தில் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு பணியறையிலும் வேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு விதித்தது.

ஆனால் ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே இணைத்துவிட்டால் பொத்தான் வெறும் அலங்காரமாகிவிடும். கம்பி ஒழுங்காக இருந்தாலும் வேறொரு தடை உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இயந்திரம் நின்ற நிமிடங்கள் கூலி இழப்பாகின்றன; மேற்பார்வையாளரின் வசை தனி. ஆபத்தை உணர்ந்த கணத்திலும் அந்தக் கை தயங்கத்தான் செய்யும்.

உண்மை அறியும் குழுவில் செல்லும் தோழர்கள் இயந்திரம் பழுதுபார்க்கப்படுவதற்கு முன்பே சென்றடைவது நல்லது. தொழிலாளி நின்ற இடத்திற்கும் பொத்தானுக்கும் இடையிலான தொலைவை அளக்க வேண்டும். அது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது எனக் கேட்க வேண்டும். அதற்கு முன் அதை அழுத்திய தொழிலாளிக்கு அன்றைய கூலி முழுதாகக் கிடைத்ததா என்பதையும் உடன் வேலை செய்வோரிடம் தனியே விசாரிக்க வேண்டும்.