சொல்தா முதல் அக்னிவீர் வரை: சீருடையைக் கழற்றிய பிறகு என்ன?

ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சு போர் நினைவுச்சின்னத்துக்குப் பதக்கங்கள் அணிந்த முதியவர்கள் வருவார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்கள்.

யார் இவர்கள்?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் படையில் சேர்ந்த குடும்பங்களின் வழியில் வந்தவர்கள். இந்தோசீனா, அல்ஜீரியா போர்களைப் பார்த்தவர்களும் உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. உள்ளூரில் பிறந்து வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பினால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

ஊர் திரும்பி எப்படிச் சமாளித்தார்கள்?

முதல் காரணம் பென்ஷன். 15 ஆண்டு சர்வீஸ் முடித்த சிப்பாய்க்கு ஓய்வூதியம், அவருக்குப் பின் மனைவிக்கு ஒரு பங்கு. முதலில் ஃபிராங்க், பிறகு யூரோ கணக்கு என்பதால் உள்ளூர்ச் செலவுக்குத் தாராளமாகவே இருந்தது. இன்னொன்று, கூடுவதற்கு ஓர் இடம். லால் பகதூர் சாஸ்திரி வீதியில் இருக்கும் ‘ஃபுவாயே துய் சொல்தா’, அதாவது சிப்பாய்களின் இல்லம். போரைப் பற்றி வீட்டில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கூட இருந்தவர்களிடம் அந்தக் கஷ்டம் இல்லை.

இந்திய ஜவான்களுக்கு?

இங்கேயும் 15 ஆண்டு சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு. மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் 10% இடஒதுக்கீடு, 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் ஆகியவையும் இருக்கின்றன. ஆனாலும் வெளியே வரும்போது பலருக்கு வயது நாற்பதுக்குள்தான். பிள்ளைகள் பள்ளியில் படிப்பார்கள். வயர்லெஸ், வண்டி, ஸ்டோர் நிர்வாகம் எல்லாம் தெரிந்தவருக்கும் செக்யூரிட்டி வேலைதான் சுலபமாகக் கிடைக்கிறது.

அக்னிவீர்களுக்கு?

2022-ல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் 4 ஆண்டுகள்தான். ஒரு பேட்சில் அதிகபட்சம் 25% பேர் தொடரலாம். மற்றவர்களுக்குச் சுமார் ₹11.7 லட்சம் சேவா நிதி. அதில் ஏறக்குறைய பாதி, அவர்கள் சம்பளத்தில் பிடித்ததும் அதன் வட்டியும். பென்ஷன் கிடையாது. ‘முன்னாள் ராணுவத்தினர்’ என்ற அந்தஸ்தும் கிடையாது.

இதில் நமக்கு என்ன?

சொல்தாவைத் தாங்கியவை மாத வருமானமும், சக வீரர்களின் துணையும். அக்னிவீருக்கு முதலாவது இல்லை. இரண்டாவதும் தானாக அமையாது. இருபதுகளிலேயே வேலை தேடி வரப்போகிறவர் அவர். அந்த 4 வருஷத்தை உங்கள் ஆபீஸ் எச்.ஆர். அனுபவமாகக் கணக்கில் எடுப்பாரா, ‘கேப்’ என்று தள்ளுவாரா? அவர் சீருடைக்குப் பிறகான வாழ்க்கை பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தது.