பாட்டின் முன்னிலை யார்?

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். அப்பாடம் தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் பலர். ஓர் அமெரிக்கப் பாடகரின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ளவும் அது எனக்குப் பயன்பட்டது. அவர் பெயர் டான் பீக்.

லண்டனுக்கு அருகே பணியாற்றிய அமெரிக்க விமானப் படையினரின் பிள்ளைகள் மூவர், அங்கே ஒரு பள்ளியில் படிக்கும்பொழுது நண்பராயினர். டான் பீக், ஜெரி பெக்லி, டூயி பன்னல் ஆகிய அம்மூவரும் அமைத்த குழுவுக்கு ‘அமெரிக்கா’ என்று பெயர். 1972ஆம் ஆண்டில் அவர்களுடைய பாட்டொன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அவர்கள் பாடியது ‘சாஃப்ட் ராக்’ என்னும் மெல்லிய வகை. முரசதிரும் ராக் இசையின் ஆரவாரம் அதில் இல்லை. கிதாரின் நரம்பொலி, எளிதில் மனத்தில் பதியும் மெட்டு, மூன்று குரல்கள் வெவ்வேறு சுருதிகளில் இணைந்தொலிக்கும் இனிமை ஆகியவையே அதன் உயிர்.

பீக் தம் மனைவியுடன் சேர்ந்து இயற்றிய பாடல் ‘லோன்லி பீப்பிள்’. தனிமையில் வாடுவோர் என்பது பொருள். பீட்டில்ஸ் குழுவினர் 1966ஆம் ஆண்டில் தனிமையைப் பற்றி ‘எலினார் ரிக்பி’ என்று ஒரு துயரப் பாட்டுப் பாடியிருந்தனர். அதற்கு நம்பிக்கையான மறுமொழியாகவே பீக் இதனை எழுதினார். இரண்டு ஒலிப்பதிவுகளையும் மேற்பார்த்தவர் ஜார்ஜ் மார்ட்டின் என்னும் ஒருவரே! 1974ஆம் ஆண்டின் இசைத்தட்டில் வெளிவந்த இப்பாட்டு, அடுத்த ஆண்டு பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது.

புகழின் உச்சியில் நிற்பவனுக்குக் கீழே இறங்கும் வழி தெரிவதில்லை. ஓயாத பயணமும் போதைப் பழக்கமும் பீக்கை அலைக்கழித்தன. 1977ஆம் ஆண்டில் அவர் போதைப் பொருளைத் துறந்து, இளமையில் கொண்டிருந்த கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பி, குழுவையும் விட்டு விலகினார். பாடகர் பாட் பூனுக்குரிய சிறிய நிறுவனம் ஒன்று அவருடைய ‘ஆல் திங்ஸ் ஆர் பாசிபிள்’ என்னும் தட்டை வெளியிட்டது. அதன் தலைப்புப் பாட்டு கிறிஸ்தவ இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பொதுப் பட்டியலிலோ 78ஆம் இடம். ஐந்துக்கும் எழுபத்தெட்டுக்கும் இடையேயுள்ள தொலைவுதான் அவர் கொடுத்த விலை. ஆயினும் நட்பு முறியவில்லை. அத்தட்டின் ஒரு பாட்டில் பழைய தோழர் இருவரும் அவருடன் குரல் கொடுத்தனர்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். 1986ஆம் ஆண்டில் பீக் தம் பழைய ‘லோன்லி பீப்பிள்’ பாட்டையே மீண்டும் பதிவுசெய்தார். மெட்டு மாறவில்லை. பொதுவான நம்பிக்கை மொழி நின்ற இடத்தில் இயேசுவின் பெயர் வந்தமர்ந்தது. இதனைக் கேள்வியுற்றபொழுது, நன்றாய் இருந்த பாட்டைக் கெடுத்துவிட்டாரே என்றுதான் நான் முதலில் எண்ணினேன். பின்னர் எண்ணிப் பார்த்தால், முன்னிலை மாறவே இல்லை! முதற்பாட்டிலும் தனித்தோரை நோக்கியே பேசினார். இரண்டாவதிலும் அவர்களை நோக்கியே பேசுகிறார். கடவுள் அங்கே படர்க்கையில்தான் நிற்கிறார். ஆகவே அதனைச் சான்றுப்பாட்டு என்னலாம். வழிபாட்டுப் பாட்டு என்னல் ஆகாது.

வழிபாட்டுப் பாட்டில் கடவுளே முன்னிலை. பாடுவோர் ‘நான்’ என்றாலும், அந்த ‘நான்’ கூடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியதாதல் வேண்டும். கலிபோர்னியாவில் கோஸ்டா மேசா என்னும் ஊரின் கால்வரி சேப்பல் சபையில், நீள்முடி வளர்த்த இளைஞர் பலர் கிதாருடன் வந்து பாடத் தொடங்கினர். அவர்களின் பாடல்களை வெளியிட 1971ஆம் ஆண்டில் ‘மாரநாதா’ என்னும் இசை நிறுவனம் தோன்றிற்று. அதே மெல்லிசைதான்; ஆனால் பயிற்சியில்லாத தொண்டைகள் நூறும் பாட வேண்டுமே! அதனால் மெட்டு மிக மேலே ஏறாது. அடிகள் மீண்டும் மீண்டும் வரும். பாடகரின் தனித்திறம் ஒதுங்கி நிற்கும். மேடைப் பாடகனுக்கு இவ்வொதுக்கம் எளிதன்று.

இதனை நான் அறிந்தது புத்தகத்திலன்று. எங்கள் பள்ளியின் காலை வழிபாட்டில் நல்ல குரலுடைய மாணவன் ஒருவன் பாடுவான். நாள்தோறும் சங்கதிகளைக் கூட்டிக்கொண்டே போனான். கேட்க இனிமைதான், ஆனால் உடன் பாடிய பிள்ளைகள் ஒவ்வொருவராய் வாய் மூடினர். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், “இது கச்சேரி மேடையன்று, தம்பி” என்று கடிந்துவிட்டேன். மறுநாள் முதல் அவன் வரிசையின் கடைசியில் நின்றான். ஆண்டு முழுதும் வாய் திறக்கவில்லை. நான் சொன்னது சரி. சொன்ன இடம் தவறு. தனியே அழைத்து, எல்லாருக்கும் எட்டும்படி எப்படிப் பாடுவது என்று காட்டியிருக்க வேண்டும்.

பீக்கைத் தாழ்த்துவதற்காக இவ்வேறுபாட்டை நான் கூறவில்லை. தனித்தோரிடம் பேசுவதே தம் பணி என்று அவர் கருதியிருக்கலாம். அவர் இன்றியும் ‘அமெரிக்கா’ குழு 1982ஆம் ஆண்டில் மீண்டும் பெருவெற்றி கண்டது; பழைய சொற்களுடனேயே அந்தப் பாட்டை மேடைகளில் பாடிவந்தது. பீக் தம் புதிய சொற்களை மாற்றிக்கொள்ளவில்லை. 2011ஆம் ஆண்டு ஜூலையில், அறுபதாம் வயதில், மிசௌரி மாநிலத்தில் தம் இல்லத்தில் அவர் காலமானார்.