கூண்டுக்கு வெளியே – 7: கோழியையே கேட்டார்கள்

பண்ணை விலங்குகளின் அவலத்தை அம்பலப்படுத்திய ரூத் ஹாரிசனின் புத்தகம் 1964-இல், அதற்கு எதிர்வினையாக பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழுவின் அறிக்கை 1965-இல். சென்ற வாரக் கதை இவ்வளவுதான். இந்த வாரத்தைக் கறிக்கோழிக்கு என்று ஒதுக்கியிருந்தேன். ஆனால் அந்த அறிக்கையின் ஒரு சின்னப் பரிந்துரைக்கு எட்டு ஆண்டுகள் கழித்து நேர்ந்த கதி இந்தப் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொள்ளப் போகிறது. அவ்வளவு அருமையான சங்கதி அது.

கூண்டின் தரை எப்படி இருக்க வேண்டும் என்று பிராம்பெல் குழு யோசித்தது. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பிவலை கோழியின் பாதத்தை உறுத்தும், அதைத் தவிர்த்துவிட்டுத் தடித்த கம்பியில் செவ்வகக் கண் வைத்த வலையைப் போட வேண்டும் என்றது. சொன்னவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். குழுத் தலைவர் விலங்கியல் பேராசிரியர். உறுப்பினர்களில் ஒருவரான டபிள்யூ.எச்.தோர்ப், விலங்குகளின் நடத்தையை ஆராய்வதில் பேர்பெற்றவர். கண்ணால் பார்க்கிற எவருக்கும் அந்தப் பரிந்துரை சரியென்றே படும். மெல்லிய கம்பி என்றால் அறுக்கத்தானே செய்யும்?

பாரி ஹியூஸ், பிளாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அப்படி முடிவுகட்டவில்லை. கோழியிடமே கேட்டுவிடலாம் என்றார்கள். பல வகை வலைத் தரைகளை அடுத்தடுத்துப் போட்டு, பெட்டைகளை விட்டு, எதில் போய் நிற்கின்றன என்று பார்த்தார்கள். 1973-இல் முடிவு வெளியானது. பெட்டைகள் விரும்பி நின்றது, குழு வேண்டாம் என்று ஒதுக்கிய அதே அறுகோண வலையில்தான்! அந்த வலையில் பாதத்தைத் தாங்கும் கம்பிகள் நெருக்கமாக அமைகின்றன. உடம்பின் பாரம் பல இடங்களில் பரவுகிறது. தடித்த கம்பியில் பார்வைக்கு உறுதி தெரிகிறதே ஒழிய, காலுக்குப் பிடிமானம் குறைவு.

கோழிக்காகப் பேச வந்த அறிஞர் குழுவின் பரிந்துரையைக் கோழியே மறுத்துவிட்டது. கூண்டுக்கு எதிரான இயக்கத்துக்கு இது பின்னடைவு என்று தோன்றலாம். உண்மையில் இதைவிடப் பெரிய உதவி அதற்கு வேறு எதுவும் கிடைத்ததில்லை. அதுவரை பண்ணைக்காரர்கள், "கோழிக்கு என்ன வேண்டுமென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு வாயை அடைத்துவந்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை காண ஒரு வழி பிறந்துவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டில் மரியன் டாக்கின்ஸ் அந்த வழியில் இன்னும் தூரம் போனார். கூண்டா, வெளியே புல்தரையா என்று பெட்டைகளைத் தேர்ந்தெடுக்க விட்டார். கூண்டிலேயே வளர்ந்தவை முதல் தடவை கூண்டைத்தான் தேர்ந்தெடுத்தன. பழக்கம் அப்படி. சில தடவை வெளியைக் கண்டதும் மனம் மாறிவிட்டது. இடம் பெரிதா, தரை பெரிதா என்றும் பார்த்தார். கீழே கம்பி போட்ட பெரிய கூண்டைவிட, கிளறுவதற்குப் பொருள் பரப்பிய சிறிய கூண்டே பெட்டைகளுக்குப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும்விட அழுத்தமான விடை முட்டையிடும் நேரத்தில் வந்தது. கூப்பர், ஆப்பிள்பி என்ற இருவர், எடை கட்டிய கதவைத் தள்ளித் திறந்தால்தான் முட்டையிடும் மறைவிடத்துக்குப் போக முடியும் என்று வைத்தார்கள். முட்டையிட 40 நிமிடம் இருக்கும்போது, நான்கு மணி நேரம் இரையில்லாமல் கிடந்த கோழி இரைக்காக எவ்வளவு முயலுமோ அவ்வளவு முயன்றது. 20 நிமிடம் இருக்கும்போது அதைப்போல் இரண்டு மடங்கு முயன்றது. அந்த மறைவிடம் பேட்டரிக் கூண்டில், அதாவது வரிசை வரிசையாக அடுக்கிய கம்பிக் கூண்டில், கிடையாது. அங்கே பெட்டை முன்னும் பின்னும் நடக்கும், பக்கத்துக் கோழிகளின் அடியில் புகப் பார்க்கும். ஒதுங்கி முட்டையிட முடியாமல் போவதுதான் கூண்டுக் கோழிக்கு நேரும் ஆகக் கொடிய வதை என்று நோபல் பரிசு பெற்ற கொன்றாட் லோரன்ஸ் கருதினார்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த மலேசியத் தமிழருக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. முட்டையிடும் வேளை வந்துவிட்டால் லயத்துக் கோழி கொக்கரித்தபடி விறகுக் கட்டுக்குப் பின்னாலும் சாக்கு மூட்டை இடுக்கிலும் இடம் தேடி அலையும். வீட்டுக்காரம்மா ஒரு பழைய கூடையில் வைக்கோலைப் போட்டு மூலையில் வைத்தால்தான் அடங்கும்.

அந்தப் பழக்கத்தின் மூலத்தையும் வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. உலகத்து வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி தீபகற்ப மலேசியாவின் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் மேய்கிறது. மலாய்க்காரர்கள் 'ஆயாம் ஹுத்தான்' என்பார்கள். புதரடியில் குழி பறித்து, சருகு பரப்பி, ஒரு ஈட்டுக்கு நாலைந்து முட்டை இடும். பண்ணைப் பெட்டை ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. அத்தனை முறையும் அதே புதரடியைத்தான் அதன் உடம்பு தேடுகிறது.

இனி பினாங்குக்கு வரலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் தோழமை அமைப்பான சஹாபாட் அலாம் மலேசியாவும் பேட்டரிக் கூண்டை ஒழிக்கச் சொல்லிக் குரல் கொடுத்துவந்திருக்கின்றன. நீண்ட காலம் இரண்டுக்கும் தலைமை தாங்கிய எஸ்.எம்.முகமது இத்ரிஸ், கோழியின் துன்பத்தையும் சாப்பிடுகிறவரின் உடல்நலத்தையும் தனித்தனியாகப் பார்த்தவர் அல்லர். நெருக்கி அடைத்தால் நோய் வரும், நோய்க்கு அஞ்சி மருந்தைத் தீவனத்தில் கலப்பார்கள், மருந்துக்கு அடங்காத கிருமி கடைசியில் மனிதனிடம் வரும். மருத்துவமனைகள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைத் தீவனத்தில் கலக்க மலேசியா 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. அதே ஆண்டு மே 17-ஆம் நாள் இத்ரிஸ் காலமானார். மருந்துக்குத் தடை வந்ததை அவர் கண்டார். கூண்டு அப்படியே இருக்கிறது.

சட்டம் இல்லாமலா? இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. வதைப்பவருக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பூனையை அடித்தவர், நாயைப் பட்டினி போட்டவர் வழக்குகளில் இந்தப் பிரிவுதான் பேசப்படுகிறது. யாரும் அதிகம் புரட்டாத பக்கம் உரிமையாளரின் கடமைகளைச் சொல்லும் 24-ஆவது பிரிவு. தகுந்த சூழல், தகுந்த உணவு என்பவற்றோடு, விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த முடிய வேண்டும் என்றும் அது சொல்கிறது. எடை கட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு போன பெட்டை காட்டியது அந்த இயல்பைத்தான். மறைவிடமே இல்லாத கூண்டு இந்தப் பிரிவோடு எப்படிப் பொருந்தும்? பினாங்கின் இயக்கத்தினர் அரசை நோக்கி விடாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

சுவிட்சர்லாந்து இப்படித்தான் சாதித்தது. 1981-இல் வந்த அதன் விதிகள், பெட்டைக்கு மறைவான, இருண்ட, மெத்தென்ற முட்டையிடும் இடமும் உட்காரக் கட்டையும் கொடு என்றன. பத்தாண்டு அவகாசம் தந்தன. பழைய பேட்டரிக் கூண்டுக்குள் அவற்றைப் பொருத்த வழியில்லை. 1992 பிறந்தபோது அங்கே அந்தக் கூண்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அதே இடத்துக்கு வர 2012 ஆயிற்று. அங்கும், மறைவிடமும் கட்டையும் வைத்த பெரிய கூண்டுக்கு அனுமதி தொடர்ந்தது.

நாமக்கல் பண்ணைகளைக் கொண்ட இந்தியாவிலோ, கூண்டில் கோழி ஒன்றுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஏறத்தாழ 450 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளே 620-க்கு மேல். 2017 ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையை முழுக்க முட்டைக்கோழிக்கும் கறிக்கோழிக்கும் ஒதுக்கியது. அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது அங்கே 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

மலேசியாவில் பேச்சு எப்போதும் விலையில் வந்து நிற்கிறது. நாசி கண்டார் கடையின் அவித்த முட்டையும் மாமாக் கடையின் ரொட்டி தெலுரும் மலிவாக இருக்க வேண்டும் என்பது ஏழை வீட்டுக் கவலை. அதை அலட்சியம் செய்கிற எந்த இயக்கமும் இங்கே நிலைக்காது. முட்டைக்கு அரசு கொடுத்த 10 காசு உதவித்தொகை 2025 மே மாதம் 5 காசாகக் குறைந்து, ஆகஸ்ட் 1-இல் விலைக் கட்டுப்பாட்டோடு சேர்ந்து முடிவுக்கு வந்தது. பொதுப்பணம் முட்டைக்குப் போன காலத்தில் கூண்டைப் பற்றி ஒரு நிபந்தனையாவது விதித்திருக்கலாம். அந்த வாய்ப்பு கைநழுவியது பெரிய இழப்பு.

கூண்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. திறந்த கொட்டகையில் கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதும், கட்டையில் மோதி மார்பெலும்பு முறிவதும் நடக்கின்றன. அவற்றைத் தவிர்க்கத் தகுந்த கொட்டகை அமைப்பும், கோழி இனமும், ஆளின் கைப்பழக்கமும் தேவை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் கறிக்கோழி, நிச்சயமாக. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாள் நிறுத்தபோது முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808, மூன்றாவது 4,202. அந்தப் பாரத்தைத் தாங்கும் கால்களிலிருந்து அடுத்த வாரக் கதை தொடங்கும்.