உங்களுக்குத் தெரியுமா? நியூமோனியாக் கிருமி எளிதில் அகப்படுவதில்லை

கற்பிட்டியிலிருந்தோ உடப்பிலிருந்தோ மூச்சிரைக்கும் பிள்ளையைப் புத்தளம், சிலாபம் வைத்தியசாலைகளுக்குத் தூக்கிவரும் தாய், "என்ன கிருமி, டொக்டர்?" என்று கேட்டால் பெரும்பாலும் உறுதியான பதில் கிடைக்காது. சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தாலும் பத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட அது சிக்குவது அரிது. முன்கூட்டியே அன்டிபயோடிக் கொடுத்திருந்தால் அந்த வாய்ப்பும் குறையும்.

ஏழு நாடுகளில் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று, பிள்ளைகளின் கடும் நியூமோனியாவில் சுமார் 61 வீதம் வைரஸாலும் 27 வீதம் பக்டீரியாவாலும் வருவதாகக் கணித்தது. பக்டீரியாக்களில் உலகெங்கும் அதிகம் அஞ்சப்படுவது நியூமோகொக்கஸ். நியூமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பக்டீரியாவான ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பு, பென்டாவேலன்ட் ஊசியாக 2008இல் இலங்கைத் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2, 4, 6 மாதங்களில் கிளினிக்கில் இலவசம். ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

கிருமி தெரியாவிட்டாலும் ஆபத்தை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். பிள்ளை அழாதிருக்கும்போது சட்டையை உயர்த்தி, நெஞ்சு ஏறியிறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: அந்த எண்ணைத் தொட்டாலே வைத்தியரிடம் காட்டவேண்டும். மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள்.